துரியோதனன் பர்மனென்ட் ஆன வருஷம்

கலியமூர்த்தியைக் கொல்வதற்கு எங்கள் ஊர் வருஷத்தில் ஒரு நாளை ஒதுக்கி வைத்திருந்தது. சித்திரைக் கடைசியில், திரௌபதி அம்மன் திருவிழாவின் கடைசிப் பகலில், மேளதாளத்தோடு அவரைத் துரத்திப் பிடித்துத் தொடையில் அடித்துச் சாகடிப்பார்கள். பொழுது சாய்ந்ததும் அவர் எழுந்து குளித்து, கோயில் சோறு சாப்பிட்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் ஏர் பூட்டுவார். அவருடைய அப்பா காலமான பிறகு ஒரு வருஷம்கூடத் தவறாமல் செத்துவந்தார். இவ்வளவு ஒழுங்காக வேறு எந்த வேலையையும் எங்கள் ஊரில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

ஊரின் பெயர் பூவாலங்குப்பம். மந்தாரக்குப்பத்திலிருந்து சைக்கிள் மிதித்தால் வியர்ப்பதற்குள் வந்துவிடும். இப்போது யாரும் மிதிக்க வேண்டாம். அந்த இடத்தில் சுரங்கம் இருக்கிறது. அந்த ஊரில் பி.எஸ்ஸி. முடித்த முதல் ஆள் நான். அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்த ஊரைப் பற்றி எழுதும்போது அதைச் சொல்லாமல் விடுவது விருத்தாசலம் கல்லூரிக்குச் செய்யும் துரோகம்.

பத்து நாள் கூத்தும் வெளியூர் ஆட்டக்காரர்களுடையது. கடைசி நாள் படுகளம் மட்டும் ஊர்க்காரர்களுக்குச் சொந்தம். கிருஷ்ணனும் திரௌபதியும் கூத்துக்காரர்களாகவே இருக்கலாம். ஆனால் பீமன் தங்கராசு வீட்டு உரிமை, துரியோதனன் கலியமூர்த்தி வீட்டு உரிமை. சுரங்கக் கம்பெனியின் நகரியத்தில் பர்மனென்ட் என்றொரு சொல் புழங்குவது எங்களுக்குத் தெரியும் முன்பே எங்களிடம் இருந்த பர்மனென்ட் போஸ்ட் இது. சம்பளம் கிடையாது, ரிட்டயர்மென்ட்டும் கிடையாது.

இந்த உத்தியோகத்தால் கலியமூர்த்திக்குப் பெண் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. போன ஊரிலெல்லாம், “துரியோதனன் வூட்டுக்கா பொண்ணக் குடுக்கறது?” என்று கேட்டு மோர் கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் கனகத்தின் அப்பாவும் அதையே கேட்டபோது, உள்ளேயிருந்து கனகம்தான் குரல் கொடுத்ததாம்: “தம்பிங்க நூறு பேரும் கூட வராங்களா, இவரு மட்டுந்தானா? ஒரு ஆளுன்னா சமைச்சுடலாம்.”

படுகளத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்கு எதிரே மைதானத்தில் மண்ணால் ஒரு துரியோதனனைச் செய்வார்கள். மல்லாந்து படுத்திருப்பான். பனைமரத்தைச் சாய்த்துப் போட்டதுபோல நீளம், மூங்கில் கூடை அளவுக்குக் கண்கள், அதற்கேற்ற மீசை. வலது தொடைக்குள் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீரை ஒரு பானையில் வைத்துப் புதைத்திருப்பார்கள். அந்த மண் உடம்பின் மேல் ஏறி நிற்கும் உயிருள்ள துரியோதனன்தான் கலியமூர்த்தி. கிருஷ்ணன் கீழே நின்று கடைசி முறையாகப் பாண்டவர்களுக்கு நிலம் கேட்பார். “ஊசி முனை குத்தும் மண்ணும் தரமாட்டேன்” என்று இவர் மறுப்பார். உடனே பீமன் துரத்துவான். இவர் விழுவார், பானை உடையும், அந்த ரத்தத்தை எடுத்துத் திரௌபதி கூந்தலில் தடவி முடிவாள். அவள் முடிந்தால்தான் தீக்குழிக்கு நெருப்பு. தீ மிதித்தால்தான் ஊருக்கு மழை, மாட்டுக்குத் தீனி, பெண்களுக்குப் பிள்ளை. ஆக மொத்தம், ஊரின் அடுத்த வருஷம் முழுவதும் கலியமூர்த்தி சரியாகச் சாவதில் இருந்தது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த வருஷம் ஊரில் வெட்டப்பட்ட வரப்பு, திருடிய வைக்கோல், சொன்ன பொய் எல்லாம் துரியோதனன் தலையில் ஏறி அவனோடு செத்துப்போகும் என்பது நம்பிக்கை. செத்துக் கிடப்பவரைப் பெண்கள் துடைப்பத்தால் சாத்துவார்கள். அவர்களுக்கு அது துரியோதனன் என்று தெரியும். கலியமூர்த்தி என்றும் தெரியும். இரண்டு அடி கூடுதலாக விழும்போது அது தங்கள் மாமியார் என்றும் தெரியும். இதில் அவர்களுக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. “வேஷம் வேறு, ஆள் வேறு” என்று விளக்கப்போன நான்தான் குழம்பித் திரும்பினேன். அடித்து முடித்ததும் ஒப்பாரி. ஒப்பாரி முடிந்ததும் அந்த வருஷம் கலியமூர்த்தியோடு யாருக்குப் பெரிய சண்டையோ அவர் வந்து கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். தூக்கிவிட்டால் சண்டை தீர்ந்தது. அவர் மேல் இருந்ததெல்லாம் போயிற்று. புது ஆள்.

இப்படி வருஷத்துக்கொரு முறை புது ஆளாகிக்கொண்டிருந்தவரின் வாழ்க்கையில் ஒரு நாள் கம்பெனி ஜீப் வந்து நின்றது.

சுரங்கத்துக்கு எங்கள் ஊர் நிலம் தேவைப்பட்டது. நிலம் கொடுக்கும் வீட்டுக்கு ஒரு வேலை, முதலில் கான்ட்ராக்ட், பிறகு பர்மனென்ட் என்றார்கள். ஊரே கோயிலில் கூடியது. யாரும் ஒரு குழி நிலம்கூடக் கொடுப்பதில்லை என்று கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தது. தர்மகர்த்தா ராமசாமி உணர்ச்சிவசப்பட்டுக் கை சுட்டுக்கொண்டார். மறு வாரமே கலியமூர்த்தி ஜீப்பில் ஏறிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அவர் கிணறு வற்றி வெகுநாளாகியிருந்தது. “மழ வருமான்னு மானத்தப் பாத்துகினு எத்தினி நாளு ஒக்காந்திருக்கறது?” என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம்.

அவர் பட்டப்பகலில், ஊர் பார்க்க, ஜீப்பில் போனார். அது பெரிய தவறு. மற்றவர்கள் பொறுமையாக ஒருவர் பின் ஒருவராக, மந்தாரக்குப்பத்தில் தவிடு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஆண்டு எங்கள் ஊர் மாடுகள் தின்ற தவிட்டைக் கணக்கெடுத்தால் அவை யானையாகியிருக்க வேண்டும். ராமசாமியும் தவிடு வாங்கினார். ராஜேந்திரன் ஒருவர்தான் கையெழுத்துப் போடவில்லை. தினமும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கம்பெனி ஆபீசுக்குப் போய், எதிர்ப்பைத் தெரிவித்துவிட்டு வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்படியாக அவரைத் தவிர ஊர் முழுவதும் கையெழுத்துப் போட்டது. ஆனால் நிலத்தைக் கொடுத்தது கலியமூர்த்தி மட்டும்தான்.

ஒருவருக்கு மட்டும் அவர் மேல் நியாயமான கோபம் இருந்தது. கலியமூர்த்தியின் சித்தப்பா மனைவி, விதவை, பெரியநாயகி. அவருடைய நிலத்துக்கு வண்டிப் பாதை கலியமூர்த்தி நிலத்தின் வழியாகத்தான். இவர் கொடுத்ததும் அவர் நிலம் தீவாகிவிட்டது. விதை கொண்டுபோக வழியில்லாமல் அவரும் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து பெரியநாயகி தினமும் காலையில் வாசல் தெளிக்கும்போது கலியமூர்த்தி வீட்டுப் பக்கம் திரும்பி நின்றுதான் தெளித்தார். கோலம் முடியும்வரை வசவும் முடியாது. படுகளத்தில் துரியோதனனுக்கு ஒப்பாரி வைக்கும் உரிமையும் அவருடையதுதான். குரல் அப்படிப்பட்டது.

முதலில் கொடுத்ததால் கலியமூர்த்திக்கு முதலில் பர்மனென்ட் வந்தது. 1981 பங்குனி. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் மண்ணை வாரி மறுபடி பெல்ட்டில் போடும் வேலை. ஊசி முனை மண்ணும் தரமாட்டேன் என்று மீசை முறுக்கியவர், கம்பெனி தவறவிட்ட மண்ணைக்கூடப் பொறுக்கி எடுத்துக் கம்பெனிக்கே கொடுத்தார்.

அடுத்த மாதம், சித்திரைத் திருவிழா முடிந்ததும் ஊர் காலியாவதாக இருந்தது. அந்த மைதானத்தில் அதுவே கடைசிப் படுகளம். கலியமூர்த்தி முன்னேற்பாடாக ஃபோர்மேன் இசக்கிமுத்துவிடம் போய் ஷிப்ட் மாற்றித் தரச்சொல்லிக் கேட்டார். இசக்கிமுத்து திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நகரியத்தில் குவார்ட்டர்ஸ். அப்போது நானும் அந்தப் பிரிவில் தற்காலிக கிளார்க்காக இருந்தேன். காதால் கேட்டது இது.

“எதுக்குவே ஷிப்ட் மாத்தணும்?”

“ஒரு சாவு சார்.”

“அடடா. யாரு?”

“நாந்தான் சார்.”

இசக்கிமுத்து பேனாவை மூடினார். கலியமூர்த்தி விளக்கினார். ஃபோர்மேன் பாதியிலேயே புரிந்துகொண்டு முகம் மலர்ந்தார். “எங்கூர்லயும் உண்டும்வே, சூரசம்ஹாரம். சூரன் தலைய வெட்டுனா சேவலும் மயிலுமா ஆயிருவான். உங்காளு செத்து என்னவா ஆவான்?”

“அதே ஆளாத்தான் சார் ஆவணும். அதான் கஷ்டமே.”

ஷிப்ட் மாற்றிக் கொடுத்தார். கலியமூர்த்தி மகிழ்ச்சியாக ஊருக்குப் போனார். போனால் கோயிலில் கூட்டம். என்னையும் உட்காரவைத்திருந்தார்கள்.

ராமசாமிதான் ஆரம்பித்தார். “இந்த வருசம் ஒன்னக் கொல்றதா இல்லப்பா.”

கலியமூர்த்திக்கு முகம் வெளிறிவிட்டது. “ஏன் மாமா? இன்னா தப்பு பண்ணேன்?”

“இன்னா தப்பா? ஊசி மொன மண்ணும் தரமாட்டேன்னு எந்த வாயால சொல்லுவ? அம்மன் சிரிக்காது?”

“எல்லாருந்தான குடுத்தீங்க மாமா.”

“நாங்க துரியோதனன் இல்லியே. நாங்க குடுக்கலாம்.”

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

கலியமூர்த்தி பெரியநாயகியின் பக்கம் திரும்பினார். “சின்னம்மா, நீயாச்சும் சொல்லு. ஒரே ஒரு தரம் கொன்னுட்டு வுட்டுடுங்க. அடுத்த வருசம் இந்த மண்ணு இருக்காது.”

பெரியநாயகி வெற்றிலையை மென்று துப்பிவிட்டுச் சொன்னார்: “கொன்னா இன்னா ஆவும்? எந்திரிச்சுக் குளிச்சுட்டு, பாவமெல்லாம் போச்சுன்னு வேலைக்குப் போயிடுவ. அப்பறம் நான் யாரத் திட்டிகினு இருக்கறது? வாணாம். நீ உசுரோட இரு. நல்லா இரு.”

இதைவிடக் கொடிய சாபத்தை எந்தக் காவியத்திலும் யாரும் கொடுத்ததாகத் தெரியவில்லை. கலியமூர்த்தி மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். அடுத்து என் கருத்தைக் கேட்டார்கள். படித்தவன் என்பதால் கேட்டார்கள். வேஷம் யார் போட்டால் என்ன, கதை கதைதானே என்றேன். படித்தவன் என்பதால் அதை விட்டுவிட்டார்கள். நிலம் கொடுக்காத ஒரே உத்தமர் ராஜேந்திரன் துரியோதனனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அதற்குப் பிறகு கலியமூர்த்தியைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. ஊரில் எல்லோருடைய குற்றமும் இந்தச் சித்திரையில் தீர்ந்துவிடும், அவருடையது மட்டும் மிச்சமிருக்கும். கனகம் தெருவில் நின்று சத்தம் போட்டது: “எங்க வூட்டு மனுசன் சாவறதுக்குக்கூட இந்தப் பாவிங்க வழி வுடமாட்டேன்றாங்களே!” வெளியூர் வளையல்காரர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு வியாபாரம் செய்யாமலே போய்விட்டார்.

கலியமூர்த்தி ஃபோர்மேனிடம் திரும்பிவந்தார். “ஷிப்ட் மாத்த வாணாம் சார்.”

“ஏன்வே, செத்தாச்சா?”

“கொல்லமாட்டேன்றாங்க சார்.”

இசக்கிமுத்து ஷிப்ட் தாளில் எழுதியிருந்ததை அடித்தார். பிறகு, “எத்தனையோ காரணம் கேட்டிருக்கேன்வே” என்று மட்டும் சொன்னார்.

படுகளத்தன்று பகல் வெயில் தார் உருகும் வெயில். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கூட்டம். நகரியத்திலிருந்தும் ஸ்கூட்டரில், சைக்கிளில் வந்திருந்தார்கள். இசக்கிமுத்து ஞாயிற்றுக்கிழமை சட்டையில் என் பக்கத்தில் நின்றார். ராஜேந்திரன் கிரீடமும் புஜகீர்த்தியும் மாட்டி மண் துரியோதனனின் மார்பின் மேல் ஏறினார். ஏறும்போதே இரண்டு தடவை சறுக்கினார். திரௌபதி வேடக்காரர் விரித்த கூந்தலோடு அம்மன் தேரடியில் கண்மூடி நின்றார். அவர் உடம்பில் நடுக்கம் ஏறிக்கொண்டிருந்தது. பெண்கள் அவரைப் பார்த்துக் கும்பிட்டு அழுதார்கள். பத்து நாளாக விரதமிருந்து, அவிழ்ந்த அந்த முடியையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அந்த முடி முடியப்படும்வரை அவர்கள் தலையிலும் பூ இல்லை. இதை மட்டும் நான் கிண்டல் செய்யமாட்டேன். என் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

கிருஷ்ணன் கேட்டார். கணீரென்ற குரல். “துரியோதனா! பாண்டவர்க்கு ஐந்து ஊர் தா!”

“தரமாட்டேன்” என்றார் ராஜேந்திரன், முனகலாக.

“ஐந்து வீடாவது தா!”

“தர… மாட்டேன்.”

“கடைசியாகக் கேட்கிறேன். ஊசி முனை மண்ணாவது தருவாயா?”

ராஜேந்திரனுக்கு வசனம் மறந்துவிட்டது. வாயைத் திறந்து திறந்து மூடினார். ஒரு மனிதன் பயந்துபோனால் நாக்கு பழகிய பாதையில்தான் ஓடும். அவர் நாக்கு ஒரு வருஷமாக ஆபீசுக்கும் வீட்டுக்குமாகப் பழகியிருந்தது. கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, பணிவோடு கேட்டார்:

“வேலை ஒண்ணா, ரெண்டா சார்? எனக்கு ஒண்ணு, மச்சானுக்கு ஒண்ணுன்னு எழுதிக் குடுத்திருக்கேனே…”

மேளம் நின்றது. கிருஷ்ண பரமாத்மா தர்மகர்த்தாவைத் திரும்பிப் பார்த்தார். நகரியத்துக் கூட்டம்தான் முதலில் சிரித்தது. பிறகு எல்லோரும். சிரிப்பு அடங்கியபோது ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ராமசாமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். துரியோதனன் விலை பேசிவிட்டான். இனி அவனை எதற்காகக் கொல்வது? கொல்லாவிட்டால் கூந்தல்? தேரடியில் திரௌபதியின் நடுக்கம் நின்றுவிட்டிருந்தது. “அம்மன் எறங்கிப் பூட்டா!” என்று யாரோ ஒரு பெண் அலறினாள்.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஊசி முனை குத்தும் மண்ணும் தரமாட்டேன்!”

ஷிப்ட் முடித்து அப்படியே வந்திருந்தார் கலியமூர்த்தி. காக்கிச் சட்டை, முழங்கால்வரை சேறு, தலையில் கம்பெனி ஹெல்மெட். கூட்டம் தானாக விலகியது. அவர் நேராக நடந்துவந்து மண்ணுடம்பின் மேல் ஏறினார். ராஜேந்திரன் கிரீடத்தோடு மறுபக்கம் இறங்கி ஓடினார்.

“தரமாட்டேன்! எவன் வந்து கேட்டாலும் தரமாட்டேன்!”

இருந்த நிலத்தையெல்லாம் கொடுத்தவர் சொன்னார். பழைய வருஷங்களில் இந்த வசனத்துக்கு ஊர் வாய்பார்க்கும், அவ்வளவுதான். இப்போது என் முன்னால் நின்ற ஆள் பல்லைக் கடித்தார். பக்கத்தில் ஒருவர் மண்ணை வாரி எறிந்தார். அவரும் தவிடு வாங்கப் போனவர்தான். தான் சொல்லியிருக்க வேண்டியதை இன்னொருவன் சொல்லிவிட்டால் மனிதனுக்கு எவ்வளவு கோபம் வரும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பீமன் வேஷத்திலிருந்த தங்கராசு கதாயுதத்தோடு பாய்ந்தான். ஒத்திகையும் கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது. கலியமூர்த்தி தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு ஓடினார். ஹெல்மெட் கழன்று உருண்டது. தொடையருகே தங்கராசு எட்டிப் பிடித்து அடித்த அடியில் பானையும் உடைந்தது, கலியமூர்த்தியும் விழுந்தார். சிவப்புத் தண்ணீர் பீறிட்டு அவர் காக்கிச் சட்டையை நனைத்தது. “ஐயோ, நெசமாவே அடிச்சுட்டாம்லே!” என்று இசக்கிமுத்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

திரௌபதிக்கு மறுபடி நடுக்கம் ஏறியது. ஓடிவந்து, ரத்தத்தை அள்ளித் தலையில் பூசி, முடியை அள்ளி முடிந்தார். குலவைச் சத்தம் மந்தாரக்குப்பம்வரை கேட்டிருக்கும்.

துடைப்பங்கள் வந்தன. அந்த வருஷம் கைகள் தாராளமாகவே இருந்தன. கனகம்கூட ஒரு அடி போட்டது. எதற்கென்று நான் கேட்கவில்லை. எல்லாம் முடிந்து கூட்டம் பின்வாங்கியது. இனி ஒப்பாரி. அதற்குப் பிறகு தூக்கிவிட வேண்டும். இரண்டுக்கும் உரியவர் ஒருவர்தான் என்று ஊருக்கே தெரியும். எல்லோரும் பெரியநாயகியைப் பார்த்தார்கள்.

பெரியநாயகி அசையவில்லை. துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். வெயிலில் கலியமூர்த்தி கண்ணை மூடிக் கிடந்தார். ஈ மொய்த்தது, விரட்டவில்லை. செத்தவர் எப்படி விரட்டுவார்?

“பெரியநாயகி, நேரமாவுது. தீ போடணும்” என்றார் ராமசாமி.

“போடு. நானா புடிச்சுகினு இருக்கேன்?”

பிறகு அவர் துடைப்பத்தைப் போட்டுவிட்டு நடந்துபோய்த் தலைமாட்டில் உட்கார்ந்தார். முந்தானையை வாயில் வைத்து எடுத்தார். வழக்கமான ஒப்பாரியில் அஸ்தினாபுரம் வரும், யானைப்படை வரும். அன்றைக்கு அதெல்லாம் வரவில்லை.

“ஊசிமொன மண்ணு தரமாட்டேன்னியே எஞ்சாமி,
ஒம் மண்ணையும் குடுத்தியே, எம் மண்ணையும் குடுத்தியே.
வண்டிப் பாதைய வித்தியே எம் மவனே,
வழி கேட்டு நான் எங்க போவேன்…”

முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது. இரண்டாவது வரியில் அது அறுந்தது. பெண்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து சேர்ந்துகொண்டார்கள். ஆண்கள் வெயில் கண்ணில் படுவதாகச் சொல்லித் துண்டால் முகத்தைத் துடைத்தார்கள். துரியோதனனுக்காக எங்கள் ஊர் நிஜமாகவே அழுத முதல் வருஷம் அதுதான். அல்லது தனக்காகத் துரியோதனன் பேரில் அழுதது. இதையும் நான் பிரித்துப் பார்க்க முயன்று விட்டுவிட்டேன்.

பாட்டு நின்றதும் பெரியநாயகி மூக்கைச் சிந்திவிட்டுக் கையை நீட்டினார்.

“எந்திரிடா. செத்தவனாட்டம் நடிக்காத.”

கண்ணைத் திறக்காமலே கலியமூர்த்தி சொன்னார்: “செத்துட்டேன் சின்னம்மா.”

“தெரியுது. எந்திரி.”

தூக்கினார். அறுபது வயதுக் கிழவிக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எழுந்தவரின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை. அது வழக்கத்தில் இல்லாதது. பிறகு உருண்டு கிடந்த ஹெல்மெட்டை எடுத்து, மண்ணைத் தட்டி, அவர் கையில் கொடுத்தார். அதுவும் வழக்கத்தில் இல்லாததுதான். அன்று மாலை தீ மிதித்தார்கள். மழை வரவில்லை. யாரும் அதைக் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

படுகளம் முடிந்தால் மண் துரியோதனனில் ஒரு பிடி எடுத்து நெல் கொட்டிவைக்கும் குதிரில் போடுவது வழக்கம். அந்த வருஷம் அவனைக் காது, மூக்கு, மீசை என்று மிச்சமில்லாமல் சாக்கில் கட்டிக்கொண்டு போனார்கள். ராமசாமி மட்டும் இரண்டு சாக்கு. ஊசி முனை மண்ணும் தராதவனை ஊரே பங்கு போட்டு எடுத்துக்கொண்டது. நகரிய குவார்ட்டர்ஸில் குதிர் ஏது? பலர் வீட்டில் அந்த மண்ணில் கறிவேப்பிலை வளர்கிறது.

ராஜேந்திரனுக்குக் கம்பெனி ஒரு வேலைதான் கொடுத்தது. மச்சான் அவரோடு பேசுவதில்லை. நான் வங்கித் தேர்வு எழுதிக் கடலூருக்கு வந்துவிட்டேன். அம்மன் இப்போது மந்தாரக்குப்பத்தை ஒட்டிய புதுக் காலனியில் கீற்றுக் கொட்டகையில் இருக்கிறாள். கலியமூர்த்தி அங்கும் வருஷம் தவறாமல் சாகிறார். பெரியநாயகி காலனியில் பக்கத்து வீடு. தினமும் காலையில் வாசல் தெளிக்கிறார், திட்டுகிறார். சித்திரை பிறந்தால் மட்டும் வசவின் நடுவே ஒரு கேள்வி வரும்:

“டேய், ஷிப்ட்டு மாத்திட்டியா?”

“மாத்திட்டேன் சின்னம்மா.”

“நேரத்துக்கு வந்து சேரு. போன வருசமாட்டம் காக்க வெக்காத.”